கோழியின் பாதப் புண்: வீட்டில் எதுவரை பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்

கோழி நொண்டினால் முதல் வேலை, அதைப் பிடித்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பது. சுளுக்காக இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் உள்ளங்காலின் நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கும் அதைச் சுற்றி வீக்கமும் இருந்தால் அது சுளுக்கு இல்லை. இதைக் கால் ஆணி என்பவர்கள் உண்டு. பம்பிள்ஃபுட் என்றே சொல்பவர்களும் உண்டு. தோலில் விழுந்த சின்னக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போய்ப் பாதத்தின் சதையில் சீழ் கட்டுவதுதான் நோய். பெரும்பாலும் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அது கோழியின் தோலிலும் கூட்டுக்குள் கிடக்கும் கூளத்திலும் எப்போதும் இருப்பதுதான். உள்ளே நுழைய வழி கிடைக்காதவரை தொந்தரவு செய்யாது.

கோழியை மல்லாத்திப் பிடித்துப் பாதத்தைப் பிளேடால் கீறி, உள்ளேயிருந்து கட்டியைப் பிடுங்கும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. புதிதாக வளர்ப்பவர் அதைப் பார்த்துச் செய்யவே கூடாது. பாதத்தின் சதைத் திண்டு தடிமனாகத் தெரிந்தாலும், அதற்குச் சற்று உள்ளேதான் விரல்களை மடக்கும் தசைநாண்களும் ரத்தக்குழாய்களும் ஓடுகின்றன. மரத்துப்போக ஊசி போடாமல் கீறினால் கோழி துடிக்கும், கை ஆடும், தசைநாண் அறுபடும். அதன் பிறகு புண் ஆறினாலும் விரல் மடங்காது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கத்திக்கு வேலையே இல்லை. ஊறவைப்பது, பொருக்கு தானாகக் கழன்றால் எடுப்பது, மருந்து வைத்துக் கட்டுவது, மெத்தென்ற இடத்தில் விடுவது: வீட்டு வைத்தியத்தின் எல்லை இதுதான்.

முதலில் இது பாதப் புண்தானா

நொண்டுகிற கோழிக்கெல்லாம் ஆணி இருக்காது. இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோழியின் உடல் சூடே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பதால், ஒரு காலை மட்டும் தொட்டுப் பார்த்து 'சுடுகிறது' என்று முடிவு செய்ய முடியாது. இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் கணக்கு.

பாதத்தில் ஒன்றும் இல்லாமல் முழங்கால் மூட்டு இரண்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது மூட்டைப் பிடித்த நோய், ஊறவைத்துத் தீராது. இளங்கோழி ஒரு காலை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் நீட்டிப் படுத்துவிட்டால் நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயான மேரக்ஸைச் சந்தேகிக்க வேண்டும். குஞ்சுகளின் விரல்கள் உள்பக்கமாக முஷ்டி பிடித்து மடங்கினால் வைட்டமின் பி2 குறைவு. காலின் செதில்கள் தூக்கிக்கொண்டு வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது கால் சொறி. அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது இன்னொன்று: நூல். தலை வாரிச் சுருட்டிப் போட்ட முடி, அரிசிச் சாக்கின் பிளாஸ்டிக் இழை, பட்டம் விட்ட நூல், தையல் நூல் எதுவானாலும் மண்ணைக் கிளறும்போது விரலில் சுற்றிக்கொள்ளும். சில நாளில் தோலுக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. அதற்கு முன்னால் உள்ள விரல் பகுதி மட்டும் வீங்கி, பிறகு கறுத்து, கடைசியில் விழுந்தே விடும். ஒரே ஒரு விரல் மட்டும் வீங்கியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, வெளிச்சத்தில், விரல் மடியும் இடுக்குகளில் தேடுங்கள். முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலால் ஓர் இடத்தில் நறுக்கினால் சுற்று தளரும். ஒரு சுற்று எடுத்ததும் முடிந்தது என்று விட்டுவிட வேண்டாம்; முடி என்றால் பெரும்பாலும் மூன்று நான்கு சுற்றாவது இருக்கும்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறது

நல்ல பாதத்தின் அடித்தோல் சொரசொரப்பாக, நுண்ணிய மேடுகளோடு இருக்கும். அந்தச் சொரசொரப்பு மறைந்து ஓர் இடம் மட்டும் வழவழவென்று இளஞ்சிவப்பாகப் பளபளத்தால் அதுவே முதல் அறிகுறி. இந்தக் கட்டத்தில் கோழி நொண்டக்கூட நொண்டாது. ஏறி உட்காரும் கட்டையையும் தரையையும் சரிசெய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து மிளகளவோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு கறுப்புப் பொருக்கு. வீக்கம் இல்லை, அல்லது கொஞ்சம்தான். வீட்டு வைத்தியத்துக்கு ஏற்ற கட்டம் இது.

மூன்றாவது கட்டத்தில் பாதம் உப்பியிருக்கும், அமுக்கினால் கெட்டியாக இருக்கும், கோழி கால் ஊன்றத் தயங்கும். பொருக்குக்குக் கீழே சீழ் கட்டி இறுகியிருக்கிறது என்று பொருள். இதையும் ஒரு வாரம் வீட்டில் முயன்று பார்க்கலாம், குறைகிறதா என்று கண்ணை வைத்துக்கொண்டே.

வீக்கம் விரல் இடுக்குகள் வழியாகப் பாதத்தின் மேல்பக்கம் எட்டிப் பார்த்தாலோ, காலில் ஏறினாலோ, கிருமி தசைநாணையும் எலும்பையும் நெருங்கிவிட்டது. அங்கே வீட்டு வைத்தியம் வேண்டாம். நேராகக் கால்நடை மருத்துவமனைக்கு.

அமுக்கிச் சீழை வெளியேற்றலாமே என்று தோன்றும். முடியாது. பறவைகளின் வெள்ளணுக்களில் சீழை இளக்கும் நொதி இல்லாததால், மனிதருக்கும் மாட்டுக்கும் வருவதுபோல நீர்ச்சீழ் அவற்றுக்கு வருவதில்லை. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைப் போல வறண்டு கெட்டிப்படும். அதை எவ்வளவு பிதுக்கினாலும் வெளியே வராது. நல்ல சதைக்குள்தான் பரவும்.

வாங்கி வைக்க வேண்டியவை

எல்லாம் மருந்துக் கடையில் கிடைக்கும். எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட்; பழைய ஆட்கள் பேதி உப்பு என்பார்கள். உரக்கடையில் அதே பெயரில் விற்பது செடிக்கு உரியது, சுத்தம் வேறு, அது வேண்டாம். நார்மல் சலைன், அதாவது கிருமி நீக்கிய உப்புநீர், ஒரு பாட்டில். 5 சதவீத பொவிடோன் ஐயோடின் கரைசலும் களிம்பும். பீட்டாடின் என்று கேட்டாலே கொடுப்பார்கள். கிருமி நீக்கிய காஸ் துணி. இரண்டு அங்குல கிரேப் பேண்டேஜ் ஒன்று. ஒரு அங்குல மைக்ரோபோர் பிளாஸ்திரி. முனை மழுங்கிய இடுக்கி. கையுறை நான்கைந்து ஜோடி.

கையுறை எதற்கென்று கேட்காதீர்கள். கோழிப் பாதத்தில் இருக்கும் அதே ஸ்டஃபைலோகாக்கஸ் உங்கள் கைக்கீறலுக்குள்ளும் போகும். சமையலறைத் தொட்டியிலோ காய்கறி கழுவும் பேசினிலோ இந்த வேலையைச் செய்யக் கூடாது. இதற்கென்று ஒரு பழைய டப்பை ஒதுக்கிவிடுங்கள்.

பிடிக்கும் முறை

இருட்டிய பிறகு, கோழி அடைந்த நேரத்தில் எடுப்பது சுலபம். பகலில் துரத்திப் பிடித்தால் அதற்கும் மூச்சு வாங்கும், புண்ணும் அடிபடும். ஒரு துண்டில் இறக்கைகளை உடலோடு சேர்த்துச் சுற்றி, தலையை ஒரு மெல்லிய துணியால் மூடிவிட்டால் அமைதியாகிவிடும். மூக்குத் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். பயந்துபோய் நெஞ்சை இறுக்கிப் பிடிப்பவர்கள் கையில் மூச்சு முட்டியே செத்துப்போன கோழிகள் உண்டு. துண்டின் சுற்று இறக்கையைத் தடுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். நீண்ட நேரம் மல்லாத்தி வைப்பதும் நல்லதல்ல. மடியில் பக்கவாட்டில் கிடத்தி, ஒருவர் பிடிக்க ஒருவர் வேலை செய்வதே சரி.

1. ஊறவைத்தல்

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு. நீரின் சூட்டை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள், சுட்டால் ஆறவிடுங்கள். பாதம் முழுகி இரண்டு அங்குலம் மேலே வரும் அளவுக்கு டப்பில் ஊற்றி, கோழியை நிற்க வைத்து 15 நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நிமிடம் திமிறும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். அந்த நீரை அது குடிக்கக் கூடாது, பேதியாகும். கழிந்துவிட்டால் நீரை மாற்றிவிட வேண்டும்.

எப்சம் உப்பில் ஏதோ அற்புதம் இருப்பதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலான வேலையைச் செய்வது வெதுவெதுப்பும் நேரமும்தான். பொருக்கு இளகுவது அதனால்தான். கிடைக்கவில்லை என்றால் லிட்டருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி சாதா உப்பு போட்டு அன்றைக்கே தொடங்குங்கள்.

முதல் ஐந்து நாள் தினமும் ஒரு முறை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்.

2. கழுவுதல்

ஊறிய பாதத்தை மென்மையான பல்துலக்கியால் விரல் இடுக்குகள்வரை தேய்த்து அழுக்கெடுங்கள். புண்ணின் மேல் தேய்க்க வேண்டாம். பிறகு சலைனால் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றித் துடைத்து, 5 சதவீத பொவிடோன் ஐயோடின் 10 மி.லி.யைக் கொதித்து ஆறிய நீர் 90 மி.லி.யில் கலந்து அதில் காஸ் துணியை நனைத்து ஒற்றுங்கள். பாட்டிலில் இருப்பதை அப்படியே தினமும் ஊற்றுபவர்கள் நிறைய. அடர்த்தியான ஐயோடின் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தோலையும் கெடுத்துவிடும். புண் ஆறுவது தள்ளிப்போகும்.

3. பொருக்கு

அவசரப்படுகிறவர்கள் கெடுத்துக்கொள்ளும் இடம் இது. முதல் நாளே பொருக்கைப் பிய்க்காதீர்கள். இரண்டு மூன்று முறை ஊறிய பிறகு அதன் ஓரம் தானாகத் தூக்கிக்கொள்ளும். அப்போது இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து, மேல்நோக்கி இழுக்காமல் தோலோடு சாய்த்து மெல்ல உரியுங்கள். நல்லூழ் இருந்தால் பொருக்கோடு சேர்ந்து, அடியில் இறுகிய சீழும் வெளிர்மஞ்சளாக ஓர் ஆணிபோல வரும். வந்த பள்ளத்தை ஊசி இல்லாத சிரிஞ்சில் சலைன் எடுத்து இரண்டு மூன்று முறை பீய்ச்சிக் கழுவுங்கள். உள்ளே சிவப்பாக, ஈரமாகத் தெரிந்தால் அது நல்ல சதை.

பொருக்கு வந்து ஆணி வரவில்லையா? விட்டுவிடுங்கள். மறுநாள் ஊறவைத்துப் பாருங்கள். இழுக்கும்போது நார்போல வெள்ளையாக, பிடித்து இழுத்தால் விரல் அசைகிற மாதிரி ஏதாவது தென்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அது சீழ் இல்லை, தசைநாண். ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் சகஜம். அதற்குமேல் வந்தால் காஸ் துணியை மடித்து ஐந்து நிமிடம், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடியுங்கள். அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

4. கட்டு

பள்ளத்தில் பொவிடோன் ஐயோடின் களிம்பைப் பட்டாணி அளவு வையுங்கள். அதன்மேல் காஸ் துணியை நான்காக மடித்து இரண்டு அங்குலச் சதுரமாக. கிரேப் பேண்டேஜை நீளவாக்கில் பாதியாக வெட்டி ஒரு அங்குல அகலப் பட்டையாக்கிக்கொள்ளுங்கள். முழு அகலம் விரல்களுக்கிடையே நுழையாது. கடையிலிருந்து வரும் சுருளில் இழுவிசை இருக்கும். ஒருமுறை முழுவதும் பிரித்து, தளர்வாகச் சுருட்டிக்கொண்டு கட்டத் தொடங்குங்கள்.

காலின் தண்டில், பாதத்துக்குச் சற்று மேலே ஒரு சுற்று. அங்கிருந்து பாதத்தின் அடியில், காஸ் துணியின் மேல் குறுக்காக வந்து, முதல் இரண்டு விரல்களுக்கிடையே மேலே ஏறி, மறுபடி தண்டைச் சுற்றி, அடியில் வந்து அடுத்த இடுக்கில் ஏறுங்கள். பின்விரலுக்கு மேலும் கீழுமாக ஒரு சுற்று போனால் கட்டு நழுவாது. கடைசியில் தண்டில் முடித்து மைக்ரோபோர் ஒட்டுங்கள். விரல் நுனிகள் எல்லாம் வெளியே தெரிய வேண்டும்.

வீக்கம் பெரிதாக இருந்தால் ஒரு வளையம் உதவும். மெத்தென்ற பழைய ஹவாய் செருப்பையோ பேக்கிங் ஃபோமையோ கழுவிக் காயவைத்து, பாதத்தின் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் புண்ணைவிடச் சற்றுப் பெரிதாக ஓட்டை போடுங்கள். காஸ் துணிக்கும் பேண்டேஜுக்கும் நடுவில் இதை வைத்துக் கட்டினால் கோழியின் எடை புண்ணின் மேல் விழாமல் ஓரங்களில் பரவும். நொண்டல் குறைவதை அன்றைக்கே பார்க்கலாம்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் போய் விரல் நுனிகளைத் தொடுங்கள். மற்றக் காலைவிடச் சில்லென்றோ, உப்பலாகவோ, நிறம் மாறியோ இருந்தால் கட்டு இறுக்கம். உடனே பிரித்துவிட வேண்டும். கரண்ட் டேப்பை வைத்துக் கட்டுகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அது இழுத்தால் நீளும், பிறகு சுருங்கி இறுக்கும், உள்ளே ஈரம் தங்கி நாறும். எளிதாகக் கிடைக்கிறது என்பது தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது.

முதல் ஐந்து நாள் தினமும் ஊறவைக்கும்போதே கட்டையும் மாற்றுங்கள். அதன் பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை போதும், நனைந்தால் உடனே. கழற்றிய துணிகளைக் கொல்லையில் வீசினால் மற்றக் கோழிகள் இழுத்துக்கொண்டு ஓடும்; எரித்துவிடுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள்.

பூசக் கூடாதவை

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், வண்டி ஆயில்: மூன்றும் தோலை வேகவைக்கும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேலை செய்வதுபோலத் தெரியும். திறந்த சதையில் அவை நல்ல செல்லையும் சேர்த்தே கொல்லும். மஞ்சள்தூளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் அஞ்சறைப்பெட்டித் தூளைப் பள்ளத்தில் அடைத்தால் கட்டியாகி இறுகி, உள்ளே சீழ் இருக்கிறதா சதை வளர்கிறதா என்று தெரியாமல் மறைத்துவிடும்.

மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரையை நசுக்கித் தீனியில் கலக்காதீர்கள். டைக்ளோஃபினாக் பறவையின் சிறுநீரகத்தை அழிக்கும். மாடுகளுக்குப் போட்ட அதே மருந்தால்தான் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை 2006இல் தடைசெய்தார்கள். களிம்பு வாங்கும்போதும் மரமரப்பு மருந்து கலந்ததாக இல்லாமல் பார்த்து வாங்குங்கள்.

ஆன்டிபயாட்டிக்கை நீங்களாகக் கடையில் வாங்கித் தண்ணீரில் கலக்குவதும் அப்படித்தான். கெட்டிப்பட்ட சீழுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. மருந்து அங்கே போய்ச் சேராது. முட்டைக்குள் மட்டும் போய்ச் சேரும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், எத்தனை நாள் கொடுக்க வேண்டும், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஓய்வு

கட்டுப் போட்ட கோழியைக் கூட்டத்தோடு விட்டால் மற்றவை அந்தக் கட்டைக் கொத்தும். தனியே வைக்க வேண்டும், ஆனால் கண்ணுக்கு மறைவாக அல்ல. வாரக்கணக்கில் காணாமல் போன கோழி திரும்பி வந்தால் புதிதாக வந்ததுபோல நினைத்து மற்றவை அடித்துத் துரத்தும். கூட்டுக்குப் பக்கத்திலேயே வலைத் தடுப்புப் போட்டோ, பஞ்சாரத்தைக் கவிழ்த்தோ வைத்தால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அடியில் நான்கு விரல் உயரத்துக்கு உலர்ந்த உமி, அதன்மேல் பழைய பருத்தித் துணி. செய்தித்தாள் வழுக்கும், நொண்டுகிற கோழிக்கு அது கூடாது. ஏறி உட்காரக் கட்டை வைக்காதீர்கள், ஏறினால் குதித்துத்தான் இறங்கும். தீனியும் தண்ணீரும் கழுத்தெட்டும் தூரத்தில். வழக்கமான தீனியோடு முருங்கைக் கீரையோ பப்பாளியோ கொஞ்சம் கொடுங்கள். தோல் உறுதியாக இருக்க வைட்டமின் ஏ வேண்டும்.

நம் ஊர் வெயிலில் திறந்த புண் என்றால் ஈ வரும், ஈ வந்தால் புழு வைக்கும். கட்டில் நாற்றம் வந்தாலோ, கோழி ஓயாமல் கட்டைக் கொத்தினாலோ அடுத்த நாள்வரை காத்திருக்காமல் பிரித்துப் பாருங்கள். புழு இருந்தால் சலைனால் பீய்ச்சிக் கழுவி, தெரிகிறவற்றை இடுக்கியால் எடுத்துவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பள்ளம் அடியிலிருந்து மேலே சிவந்த சதையால் நிரம்பி, பிறகு ஓரத்திலிருந்து தோல் மூடிக்கொண்டு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மேல்தோல் மட்டும் சட்டென்று மூடி அடியில் மேடு அப்படியே இருந்தால் அது ஆறவில்லை, ஒளிந்திருக்கிறது.

எப்போது நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும்

ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தும் வீக்கம் குறையாதபோது. வீக்கம் காலில் ஏறும்போது, மூட்டு சுடும்போது. கோழி தீனி எடுக்காமல் குன்றிப்போய் உட்கார்ந்து, நெஞ்செலும்பு கையில் கத்தியாக உரசும்போது. விரல் கறுக்கும்போது. இவற்றில் எது நடந்தாலும் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். மரத்துப்போகச் செய்து கீறி எடுக்க வேண்டியிருந்தால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் பொருத்தமான இடம்: சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் இருக்கின்றன. "ஒரு கோழிக்கா இவ்வளவு தூரம்" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எலும்புவரை போன புண்ணை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது அதைச் சித்திரவதை செய்வதுதான்.

கால் சொறி

செதில்கள் தூக்கி வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் செதிலுக்கடியில் சிற்றுண்ணி குடைகிறது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்துப் பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, வாசலினோ, தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் சமமாகக் கலந்ததோ செதில் இடுக்குகளில் இறங்கும்படி தாராளமாகப் பூசுங்கள். எண்ணெய் அடைத்தால் உண்ணி மூச்சு முட்டிச் சாகும். வாரத்துக்கு இரண்டு முறை, குறைந்தது நான்கு வாரம். தூக்கிய செதிலைப் பிய்க்கக் கூடாது, ரத்தம் வரும். ஒரு கோழிக்கு வந்தால் ஒரே கட்டையில் அடையும் எல்லாவற்றுக்கும் பூச வேண்டும்; கட்டைக்கும் சேர்த்துத்தான்.

பாதப் புண் ஏன் வந்தது என்று பார்க்காவிட்டால் மறுபடி வரும்

முதலில் கட்டையைப் பாருங்கள். மூங்கிலும் பிளாஸ்டிக் குழாயும் வழுக்கும். விழாமல் இருக்க இரவெல்லாம் பாதத்தை இறுக்கியே உட்கார்ந்திருக்கும். பட்டை உரிக்காத சவுக்குக் கம்பில் கணுக்களும் சிம்புகளும் குத்தும். சீவி, உப்புத்தாள் போட்டு, விளிம்பு மழுங்கிய, 4 முதல் 5 செ.மீ. அகலமுள்ள மரச்சட்டம்தான் சரி. உயரம் அதைவிட முக்கியம். பெருவிடை, அசில் போன்ற கனத்த இனங்களுக்குத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். மூன்று நான்கு கிலோ எடை தினமும் காலையில் ஆறடியிலிருந்து சிமென்ட் தரையில் குதித்தால் பாதம் உள்ளுக்குள் நசுங்கும். மேலே கீறலே இல்லாமல்கூட புண் இப்படித் தொடங்கும். மரத்தில் அடைந்து பழகிய கோழிகளைத் தடுக்க முடியாவிட்டால், இறங்குமிடத்தில் உமியோ வைக்கோலோ கனமாகப் போடுங்கள். ஏணி வைத்தால் பாதி கோழிகள் அதில் இறங்கக் கற்றுக்கொள்ளும், மீதி அதன் மேலிருந்து குதிக்கும்.

தரை அடுத்தது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பாதப் புண் கூடுவதற்குக் காரணம் ஈரம். ஊறிய தோல் சட்டென்று கிழியும். கூளத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், மாற்ற வேண்டும். மெல்ல உதிர்ந்தால் சரி. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் முதலில் நசநசக்கும், அந்த இடத்தில் மட்டும் ஒரு பலகையோ செங்கல்லோ வைத்துப் பாத்திரத்தை உயர்த்துங்கள். மொட்டை மாடியில் வளர்ப்பவர்களுக்கு ஈரத்தைவிடச் சொரசொரப்பான சிமென்ட்தான் எதிரி. கம்பிவலைத் தரையில் வெட்டிய முனைகள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

பிறகு முள். சீமைக்கருவேல முள் பாதத்துக்குள் உடைந்து நின்றால் அதைச் சுற்றிச் சீழ் கட்டாமல் இருக்காது. வேலிக்கு வெட்டிப் போட்டதும், விறகுக்கு அடுக்கியதும் கோழி மேயும் இடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். நெருஞ்சியைக் காய் முற்றுவதற்கு முன் பிடுங்குங்கள். முற்றினால் அடுத்த வருடமும் அதே இடத்தில் நிற்கும்.

சந்தையில் வாங்கும்போது கொண்டையையும் கண்ணையும் பார்ப்பவர்கள் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இரண்டு உள்ளங்காலிலும் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். ஓர் இடம் வழவழத்தாலோ, ஒரு பக்கம் மற்றதைவிடக் கெட்டியாக இருந்தாலோ விலையைக் குறைத்துக் கேட்பதை விட்டுவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுங்கள்.